வழி தவறி வந்த நாய் யாருக்குச் சொந்தம்?

மாலை நேரம். பள்ளிக்கூடம் விட்டுப் பையன் வருகிறான். தோளில் புத்தகப் பை. கையில் ஒரு நாய்!

"அம்மா, தெருமுனையில் நின்றது. பாவம், பசியாக இருக்கிறது. நாமே வளர்க்கலாமா?"

அம்மா திகைக்கிறாள். "முதலில் அதை வெளியே விடு" என்கிறாள் பாட்டி. அப்பா வந்ததும் பஞ்சாயத்து தொடங்குகிறது.

பல வீடுகளில் நடக்கும் கதை இது. அந்த நாயை வைத்துக் கொள்வதா? விரட்டுவதா? இரண்டையும் உடனே செய்யக் கூடாது என்பதே என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் பிள்ளையைப் பாருங்கள்

நாயைப் பார்க்கும் முன், பிள்ளையின் கை கால்களைப் பாருங்கள். கடி இருக்கிறதா? நகக் கீறல் இருக்கிறதா? இருந்தால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதுவும் வைக்காதீர்கள். உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தடுப்பு ஊசி அங்கே இலவசம். டாக்டர் சொல்லும் நாட்களில் எல்லா ஊசியையும் போட வேண்டும். ஒன்றைக் கூட விடக் கூடாது.

"குட்டி நாய்தானே" என்று இருந்து விடாதீர்கள். வெறிநோய் குட்டிக்கும் வரும். நோயின் அறிகுறி மனிதனிடம் தெரிந்து விட்டால், பிறகு பிழைப்பது மிக மிக அரிது.

இன்னொன்று. பிள்ளையை அடிக்காதீர்கள். திட்டாதீர்கள். அடிக்குப் பயந்துதான் பிள்ளைகள் கீறலை மறைக்கிறார்கள். மறைத்த கீறல் உயிரை வாங்கி விடும்.

கழுத்தில் பட்டை இருக்கிறதா?

அடுத்து நாயைப் பாருங்கள். கழுத்தில் பட்டை இருக்கிறதா? பட்டை இருந்த தடம் இருக்கிறதா? குளித்துச் சீவிய உடம்பா? பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா? அப்படியானால் அது ஒரு வீட்டு நாய். எங்கோ ஒரு குழந்தை அதற்காக அழுது கொண்டிருக்கும்.

"கண்டெடுத்தவனுக்கே சொந்தம்" என்று விளையாட்டில் சொல்வோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் என்ன சொல்கிறது? பிறர் பொருளைக் கண்டெடுத்து எடுத்துக் கொண்டவர் அதற்குக் காவலர். தம் பொருளைப் போல அதைக் கவனமாகப் பார்த்துக் கொள்ள வேண்டும். சொந்தக்காரரைத் தேட வேண்டும். சொந்தக்காரர் யார் என்று தெரிந்தும் தமதாக்கிக் கொண்டால் அது குற்றம். அதற்குச் சிறைத் தண்டனையும் உண்டு.

தேடுவது எப்படி? அக்கம் பக்கத்தில் விசாரியுங்கள். பால்காரர், காய்கறிக்காரர், இஸ்திரிக்காரர் ஆகியோரைக் கேளுங்கள். எந்த வீட்டில் எந்த நாய் என்பது அவர்களுக்குத் தெரியும். கண்டெடுத்த இடத்தில் ஒரு காகிதம் ஒட்டுங்கள். போலீஸ் நிலையத்தில் சொல்லி வையுங்கள். சில நாய்களுக்குத் தோலின் அடியில் அரிசி அளவில் ஒரு 'சிப்' வைத்திருப்பார்கள். கருவி வைத்திருக்கும் கால்நடை டாக்டர் அதைப் படித்துச் சொல்வார்.

"நாய் என்னுடையது" என்று ஒருவர் வந்தால் உடனே கொடுத்து விடாதீர்கள். அடையாளம் கேளுங்கள். பழைய படம் கேளுங்கள். நாயின் வாலே பாதி சாட்சி சொல்லி விடும்!

தீனிக்கும் மருந்துக்கும் ஆன செலவு? அதை வாங்கும் வரை நாயை வைத்துக் கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. செலவைக் கேட்டு வழக்குப் போட முடியாது. சொந்தக்காரர் இனாம் அறிவித்திருந்தால், அந்த இனாமைக் கேட்டு வழக்குப் போடலாம்.

தெரு நாயாக இருந்தால்?

காதில் சிறு வெட்டு இருக்கிறதா? அது காயம் அல்ல. கருத்தடை செய்து, தடுப்பு ஊசி போட்டதற்கான அடையாளம். அந்த நாய்க்கு ஓர் இடம் உண்டு. அதை அங்கேயே விடுங்கள்.

குட்டிகளைத் தாயிடமிருந்து தூக்கி வராதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கும். சற்றுத் தள்ளி நின்று காத்திருந்து பாருங்கள்.

சென்னையில் ஒரு காலத்தில் மாநகராட்சியே தெரு நாய்களைப் பிடித்துக் கொன்றது. பல ஆண்டுகள் கொன்றும் நாய்கள் ஒழியவில்லை. ஒரு தெரு காலியானால் பக்கத்துத் தெரு நாய்கள் வந்து விடும். 1996-ல் அந்த வழக்கம் கைவிடப்பட்டது. கருத்தடைக்கு வழி பிறந்தது.

2023-ம் ஆண்டு விதிகளும் அதையே சொல்கின்றன: பிடி, கருத்தடை செய், ஊசி போடு, பிடித்த இடத்திலேயே விடு. 2025 ஆகஸ்டு 22-ல் சுப்ரீம் கோர்ட்டும் இதையே சொன்னது. வெறிநோய் கண்ட நாயையும், முரட்டு நாயையும் மட்டும் திரும்ப விடக் கூடாது என்றது. அந்த ஆண்டு நவம்பர் 7-ல், பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரெயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றி, அங்கே மீண்டும் விடக் கூடாது என்று உத்தரவிட்டது. பிடிப்பது உள்ளாட்சியின் வேலை. நம் வேலை தகவல் சொல்வது. கல்லால் அடிப்பதும் விஷம் வைப்பதும் நம் வேலை அல்ல. நாயைக் கொன்றால் 5 ஆண்டு வரை சிறை.

கோணிப்பை யோசனை வேண்டாம்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

சில வீடுகளில் பிள்ளை அழுகிறது என்று நாயை வைத்துக் கொள்கிறார்கள். ஆறு மாதம் கொஞ்சுகிறார்கள். பிறகு அது செருப்பைக் கடிக்கிறது, இரவில் குரைக்கிறது. வீட்டுக்காரர் முகம் சுளிக்கிறார். ஒரு நாள் கோணிப்பையில் போட்டு, ஊர் எல்லையில் விட்டு விட்டு வருகிறார்கள்.

இது பாவம். குற்றமும் கூட. பட்டினியால் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது குற்றம் என்கிறது 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம். முதல் குற்றத்துக்கு அந்தச் சட்டம் விதித்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய். இவ்வளவு சின்னத் தொகைக்கு யார் பயப்படுவார்? மனச்சாட்சிக்குத்தான் பயப்பட வேண்டும்.

"குழந்தைகளை நாய் கடிக்கிறது. நீர் நாய்க்குப் பரிந்து பேசுகிறீரே!" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கோபம்தான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். எல்லையில் விடப்பட்ட நாய் பசியோடு அலைகிறது. மற்ற நாய்களிடம் கடி படுகிறது. மனிதனைக் கண்டு மிரளுகிறது. குட்டியும் போடுகிறது. நாளை அது யாரைக் கடிக்கும்? யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளையைத்தான். ஆகவே குழந்தைகள் மீது அக்கறை உள்ளவர், நாயைக் கைவிடக் கூடாது.

வளர்ப்பது என்றால் பத்துப் பன்னிரண்டு ஆண்டுப் பொறுப்பு. ஊசி, கருத்தடை, உள்ளாட்சி உரிமம், நாள்தோறும் சோறு. அதற்கு வீட்டில் எல்லோரும் சம்மதமா? சொந்தக்காரர் வரவில்லையா? அப்படியானால் வளருங்கள். வசதி இல்லையா? நல்ல வீடு தேடிக் கொடுங்கள். பிராணி நலச் சங்கத்திடம் சொல்லுங்கள். முடியாது என்று முதல் நாளே சொல்வதில் அவமானம் இல்லை. ஆறு மாதம் கழித்துக் கோணிப்பையைத் தேடுவதுதான் அவமானம்.

வாசலில் அந்தப் பையன் இன்னும் நிற்கிறான். அவன் கண் நாயின் மேல் இல்லை. உங்கள் மேல் இருக்கிறது. திக்கற்று வந்த ஓர் உயிரை அப்பாவும் அம்மாவும் எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்துக் கொண்டிருக்கிறான்.

இன்று அவன் பார்ப்பதைத்தான் நாளை அவன் செய்வான்.