எது சத்தம்?

சேலையூரில் எங்கள் தெருவுக்கு ஒரு குடியிருப்போர் நலச் சங்கம் உண்டு. ஆடி பிறப்பதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை அந்தச் சங்கம் கூடி இரண்டு தீர்மானங்களை நிறைவேற்றியது. அம்மன் கோயிலில் கூழ் வார்க்கும் விழாவுக்கு மூன்று நாள் ஒலிபெருக்கி கட்டச் சங்கத்துப் பணத்திலிருந்து உதவி செய்வது என்பது முதல் தீர்மானம். தெருக்கோடி வீட்டுப் பையன் தினம் மாலை ஐந்து மணி முதல் ஆறு மணி வரை டிரம்ஸ் வாசித்துத் தெருவின் அமைதியைக் குலைப்பதை உடனே நிறுத்த வேண்டும் என்பது இரண்டாவது. இரண்டும் ஒரே காகிதத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக, அழகான கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தன. எழுதியவருக்குச் சிரிப்பு வரவில்லை. வாசிக்கக் கேட்டவர்களுக்கும் வரவில்லை.

பையனின் தகப்பனார் என் பால்ய சிநேகிதர். சண்டைக்குப் போகும் சுபாவம் இல்லாதவர். மறுநாளே டிரம்ஸைப் பிரித்துப் பரண்மேல் ஏற்றிவிட்டார். பரணில் கொள்ளாத பெரிய உருளையை வந்த விலைக்கு விற்றார். பதினைந்து வயதுப் பையன் இப்போது நாலு தலையணைகளை எதிரே பரப்பி வைத்துக்கொண்டு குச்சிகளால் அடித்துக்கொண்டிருக்கிறான். அவன் அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திராது.

கூட்டத்தில் நானும் இருந்தேன். பையனுக்காக நாலு வார்த்தை சொன்னேன். உடனே முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், "ஏன் சார், அந்தக் காட்டுக் கூச்சலையா நீங்க சங்கீதம்னு சொல்றீங்க? அதுவும் நீங்க!" என்றார். சீசன் தவறாமல் சபாக்களுக்குப் போகிறவர் அவர். வயதுக்கு மரியாதை கொடுத்து உட்கார்ந்துவிட்டேன். அங்கே விழுங்கியதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

2009-ல் கிண்டி ஐ.ஐ.டி.யில் நடக்கும் ஸாரங் விழாவுக்கு ஸ்வீடன் தேசத்திலிருந்து ஓபெத் என்ற குழு வந்தது. மார்டி க்ரா என்ற பெயரில் 1974-ல் தொடங்கி, 1996-ல் ஸாரங் என்று மறுநாமகரணம் பெற்ற விழா அது. தாம்பரத்திலிருந்து நாங்கள் நாலு பேர் மின்சார ரயிலேறிப் போனோம். மேலே சொன்ன சிநேகிதர் ஒருவர். அப்போது பிள்ளை பிறக்கவில்லை. பம்மலில் தோல் பதனிடும் சாலை ஒன்றில் வேலை பார்த்தவர் ஒருவர். சிட்லபாக்கத்து மிருதங்கக்காரர் ஒருவர். நான். மிருதங்கக்காரருக்கு வர இஷ்டமே இல்லை. "காது போயிடும்டா, எனக்குக் காதுதாண்டா சோறு போடுது" என்று கிண்டி வரையில் புலம்பிக்கொண்டே வந்தார். பம்மல்காரர்தான் இந்தச் சங்கீதத்தில் ஊறியவர். சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் குறுந்தகடுகள் சேர்த்து வைத்திருந்தார்.

அந்த வளாகத்து மரங்களையும் மான்களையும் தாண்டித் திறந்தவெளி அரங்கத்துக்குப் போனால், மனிதக் கடல். முக்கால்வாசிப் பேர் கறுப்புச் சட்டை. விளக்கு அணைந்தது. முதல் அடி விழுந்ததும் அது காதில் விழவில்லை; நெஞ்செலும்பில் விழுந்தது. பிறகு அந்தப் பாடகர், மிக்கேல் ஓகர்ஃபெல்ட், வாயைத் திறந்தார். குரலா அது! பாதாளத்திலிருந்து புறப்பட்ட உறுமல். மிருதங்கக்காரர் என் கையைப் பற்றிக்கொண்டார். நானும் கொஞ்சம் பயந்துதான் போனேன், வாஸ்தவம். ஆனால் சில நிமிஷங்களுக்கெல்லாம் அதே வாயிலிருந்து, தொட்டிலாட்டும் பதத்தில், ஒரு மெல்லிய குரல் எழுந்தது. சுற்றி இருந்த அத்தனை கறுப்புச் சட்டைகளும் அப்படியே அடங்கி நின்றன.

பாட்டுக்கு நடுவே தாளம் புரண்டது. பக்கத்தில் பார்க்கிறேன்: மிருதங்கக்காரரின் வலது கை தொடைமேல் விழுந்துகொண்டிருக்கிறது, உதடு எண்ணுகிறது. "டேய், இது ஏழுடா! மிச்ரம்! எட்டுன்னு நெனச்சு எல்லாரும் தலையாட்டுவாங்கன்னு பார்த்தா, பசங்க சரியா ஆட்டறாங்கடா!" என்று என் காதில் கத்தினார். அன்று திரும்பும் வண்டியில் அவர் பேசியதெல்லாம் கணக்கு, கணக்கு, கணக்கு.

எங்கள் தெருப் பெரியவருக்கு நான் சொல்ல வேண்டிய முதல் விஷயம் இதுதான். ஐயா, மார்கழியில் எந்தச் சபாவுக்கு வேண்டுமானாலும் போங்கள். மயிலாப்பூர் வேண்டாம், நம் பக்கத்து நங்கநல்லூருக்கே போங்கள். பாடகர் பல்லவியையோ கீர்த்தனையையோ முடித்து மிருதங்கத்தைப் பார்த்துத் தலையசைத்ததும் என்ன நடக்கிறது? தனி ஆவர்த்தனம் தொடங்குகிறது, நாற்காலிகள் காலியாகின்றன. ஆயுள் முழுவதும் கணக்கைக் கரைத்துக் குடித்த ஒரு வித்வான் மேடையில் வாசித்துக்கொண்டிருக்க, ரசிகர் கூட்டம் காண்டீனில் போண்டாவுக்கு வரிசையில் நிற்கிறது. நீங்களும் அந்த வரிசையில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். நானும் உங்களுக்குப் பின்னால்தான் நின்றேன். லயத்தைக் கேட்கப் பத்து நிமிஷம் உட்கார மாட்டாத நாம், மூன்று மணி நேரம் நின்றுகொண்டே ஏழும் ஐந்தும் எண்ணும் பிள்ளைகளைப் பார்த்து, உனக்குச் சங்கீதம் தெரியாது என்கிறோம்.

அந்த உறுமல்தானே உங்களை உறுத்துகிறது? மெலட்டூரில் பாகவத மேளம் பார்த்திருப்பீர்கள். தூணிலிருந்து வெளிப்படும் நரசிம்மம் ஆனந்த பைரவியில் நளினமாக ஆலாபனை செய்து கொண்டு வரவேண்டும் என்று எவராவது கேட்டதுண்டா? புரிசையில் கூத்துக்காரர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு திரையைத் தள்ளி வரும்போது நமக்கு மயிர்க்கூச்செறிகிறது. அதைக் கலை என்று கட்டுரை எழுதுகிறோம். கோபத்துக்கும் துக்கத்துக்கும் ஒரு குரல் உண்டு. அது இனிமையாக இராது. நம்முடையதானால் ரௌத்ர ரசம், ஸ்வீடன்காரனுடையதானால் காட்டுக் கூச்சலா?

அந்நிய சரக்கு என்பது இன்னொரு ஆட்சேபம். பிடில் எங்கிருந்து வந்தது? முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் அதைக் கற்றுக்கொள்ளாமல் இருந்திருந்தால் இன்றைக்குப் பக்கவாத்தியம் ஏது? ஹார்மோனியத்துக்கு அகில இந்திய வானொலி 1940-ல் கதவைச் சாத்தியது. அந்தக் கதவைக் கொஞ்சம் திறக்கவே 1971 ஆயிற்று. சீனிவாஸ் என்ற சிறுவன் மின்சார மாண்டலினைத் தூக்கிக்கொண்டு வந்தபோது முகம் சுளித்தவர்கள், பிற்பாடு அவர் கச்சேரிக்கு டிக்கெட் கிடைக்காமல் அலைந்தார்கள். கிதாரில் கர்நாடக சங்கீதம் வாசித்துப் பேர் வாங்கிய பிரசன்னா இதே கிண்டி ஐ.ஐ.டி.யில் படித்தவர். பெங்களூர் அகம் குழுவினர் தீட்சிதரின் 'ரங்கபுர விஹார'வை முறுக்கேற்றிய கிதார்களோடு பாடுகிறார்கள். எனக்கு அது முழுக்கப் பிடிக்கவில்லை; பிருந்தாவன சாரங்காவுக்கு அவ்வளவு சதை வேண்டாம் என்பது என் கட்சி. ஆனால் அது கேட்டுவிட்டுச் சொல்லும் அபிப்பிராயம். கேட்காமலே சொல்லும் அபிப்பிராயத்துக்கு வேறு பெயர் உண்டு.

இன்னொரு பிரிவு இருக்கிறது, பவர் மெட்டல் என்று. வாள், நாகம், கோட்டை, சபிக்கப்பட்ட அரசகுமாரன் என்று பாடுவார்கள். ஜெர்மனியின் ஹெலோவீன் குழு 1987-லும் 1988-லும் 'ஏழு சாவிகளின் காவலன்' என்று இரண்டு பாகமாக ஒரு தொகுப்புப் போட்டது. ப்ளைண்ட் கார்டியன் குழு 1998-ல் டோல்கீனின் புராணத்தையே ஒரு முழுத் தொகுப்பாகப் பாடிவிட்டது. "பெரியவர்கள் பாடுகிற விஷயமா இது?" என்று என் வாசகி ஒருவர் சிரித்தார். அம்மணி, 1950-லிருந்து 1954 வரை தமிழ்நாடே வாராவாரம் வந்தியத்தேவனின் குதிரைக்குப் பின்னால் ஓடவில்லையா? இன்றும் அந்த ஐந்து பாகங்களை அலமாரியில் வைத்துக்கொண்டு, மழைக்காலத்தில் முதலிலிருந்து எடுத்துப் படிப்பது யார்? ட்ரீம் தியேட்டர் என்ற அமெரிக்கக் குழுவின் 1999-ஆம் வருஷத்துத் தொகுப்பு ஒன்றில், ஒருவன் மனோவசியத்தில் தன் பூர்வஜன்மத்தை அறிகிறான். அதில் நடந்த கொலையின் முடிச்சு அவிழ்கிறது. 1963-ல் ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' பார்த்துவிட்டு இருட்டில் தனியே நடக்கப் பயந்த குடும்பங்கள் இந்த ஊரில் இருக்கின்றன. கதை கேட்கும் ஜனங்கள்தான் நாம் எல்லோரும். அவர்கள் கதையைச் சத்தமாகச் சொல்கிறார்கள், அவ்வளவே.

இந்தச் சங்கீதத்தில் குப்பை கிடையாதா என்றால், மலை மலையாகக் கிடக்கிறது. ஒரே வேகம், ஒரே இடி, ஒரே மயிராட்டல். தொடர்கதை எழுதிப் பிழைக்கிற நான் குப்பையின் சதவீதத்தைப் பற்றிப் பிறருக்கு உபதேசம் செய்ய முடியாது.

முரட்டுக் கூட்டம் என்கிறார்களே, அதற்கு வருகிறேன். 2011 அக்டோபர் 28-ம் தேதி டில்லிக்குப் பக்கத்தில் குர்கானில் மெட்டாலிகா கச்சேரி கடைசி நேரத்தில் நின்று போனது. கூட்டம் மேடையை உடைத்தது. மறைக்கவில்லை. ஆனால் இரண்டே நாள் கழித்து அதே குழு பெங்களூர் அரண்மனை மைதானத்தில் வாசித்தது. கச்சேரி ஒழுங்காக நடந்து முடிந்தது. அதையும் சொல்ல வேண்டுமல்லவா? 2023 செப்டம்பர் 10-ம் தேதி நம் பனையூரில் ஒரு திரையிசைக் கச்சேரி நடந்தது. குடும்பம் குடும்பமாகப் போனார்கள். சீட்டு வாங்கியவர்கள் உள்ளே நுழைய முடியாமல் திரும்பினார்கள். பெண்களும் குழந்தைகளும் நெரிசலில் பட்ட பாட்டைப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. அதற்காகச் சினிமாப் பாட்டே காட்டுமிராண்டித்தனம் என்று எந்தச் சங்கமும் தீர்மானம் போடவில்லை. போடவும் கூடாது. வாசலும் வழியும் சரியில்லாத குற்றத்தை ராகத்தின் தலையில் கட்டுவது நியாயம் அல்ல.

ஐ.ஐ.டி.யில் அன்றைக்கு நடுக்கூட்டத்தில் பிள்ளைகள் வட்டமாக ஒருவர்மேல் ஒருவர் மோதிச் சுழன்றார்கள். பார்க்க அடிதடி போலத்தான் இருந்தது. எங்கள் பம்மல்காரர் உள்ளே புகுந்தார், சறுக்கி விழுந்தார். விழுந்த மாத்திரத்தில் அந்தச் சுழல் நின்றது. ஆறேழு கைகள் அவரைத் தூக்கின. ஒருவன் அவருடைய கண்ணாடியைத் தேடி எடுத்துத் தன் பனியனில் துடைத்துக் கொடுத்தான். "பாத்து அண்ணே" என்றான். விழுந்தவனைத் தூக்கிவிட்டுத்தான் ஆட்டம் என்பது அவர்களுடைய எழுதாத சட்டமாம். நம்முடைய தேர்த்திருவிழாக்களில் அப்படி ஒரு சட்டம் இருந்தால் எவ்வளவோ உயிர் மிஞ்சும்.

ஜெர்மனியின் வடகோடியில் வாக்கன் என்று ஒரு கிராமம். ஜனத்தொகை சுமார் இரண்டாயிரம்தான். 1990-லிருந்து அங்கே வருஷாவருஷம் இந்தச் சங்கீதத்துக்கு விழா நடக்கிறது. இப்போது பல்லாயிரக்கணக்கானவர்கள் வருகிறார்கள். ஊர்த் தீயணைப்புப் படையின் வாத்தியக் கோஷ்டியே விழாவில் வாசிக்கிறது. வயல்காட்டுக்காரர்களால் முடிந்திருக்கிறது. சங்கீதத் தலைநகரம் என்று மார்தட்டும் நம் பட்டணத்துக்கு முடியவில்லை. தாம்பரத்துப் பையன் ஒரு பெரிய மெட்டல் குழுவைக் கேட்க வேண்டுமானால் பார்க் ஸ்டேஷனில் இறங்கி, சாலையைக் கடந்து, சென்ட்ரலில் இரவு வண்டியைப் பிடித்துப் பெங்களூர் போகிறான். விடிந்தால் ஊர், இருட்டினால் கச்சேரி, மறுநாள் காலை வேலைக்கு வந்தாக வேண்டும். இவர்களைப் போய்ச் சோம்பேறிகள் என்கிறோம்.

சட்டமும் பேசுவோம். 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. எங்கள் சிநேகிதரின் டிரம்ஸ் 55-ஐத் தாண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஜன்னலை அடைத்து, சுவருக்குப் பழைய மெத்தையை முட்டுக்கொடுத்தால் குறையும். கூம்பு ஒலிபெருக்கிக்கு எந்த மெத்தையை முட்டுக்கொடுப்பது? ஆடியில் மூன்று நாளும் எங்கள் தெருவில் ஒருவரோடொருவர் பேச முடியவில்லை. அம்மன் பாட்டின்மேல் எனக்குக் கோபமில்லை, எல்.ஆர். ஈஸ்வரியின் குரல் கேட்டால் எனக்கும் கால் தரையில் நிற்காது. இரண்டாம் நாள் இரவு சிநேகிதர் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பையன் தலையணைகளுக்கு முன்னால் உட்கார்ந்து, அந்த அம்மன் பாட்டுக்குத்தான் வாசித்துக்கொண்டிருந்தான். உடுக்கை விழும் இடமெல்லாம் குச்சி விழுந்தது. சத்தமே இல்லை.

சங்கத்தின் அடுத்த கூட்டம் புரட்டாசி முதல் ஞாயிறு. "மாலை ஐந்து மணி முதல் ஆறு மணி வரை, ஜன்னலடைத்து, டிரம்ஸ் வாசிக்க அனுமதிக்கப்படுகிறது" என்று ஒரு தீர்மானம் எழுதி வைத்திருக்கிறேன். முன்மொழிய நான் இருக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். சிட்லபாக்கத்து மிருதங்கக்காரர் வரத் தயார். ஆனால் அவர் எங்கள் தெருக்காரர் அல்ல என்று விதி குறுக்கே நிற்கிறது. ஆகவே அந்தப் பெரியவரையே நேரில் போய்ப் பார்த்துக் கேட்பதாக இருக்கிறேன்.