ஸ்லாம் டங்க்: ரசிகர்களுக்கு எதிராக ஒரு ரசிகன்

டகேஹிகோ இனோவேயின் 'ஸ்லாம் டங்க்' பற்றி எழுதப்போகிறேன் என்றதும், எழுத விஷயம் தீர்ந்துவிட்டதா என்று கேட்டார் ஒரு நண்பர். ஜப்பானியச் சித்திரக் கதை. அதிலும் பள்ளிக்கூடப் பையன்கள் கூடைப்பந்து ஆடுவது. அதிலும் வாரப் பத்திரிகைத் தொடர். மூன்று குற்றங்களும் உண்மைதான். 1990-லிருந்து 1996 வரை 'ஷோனென் ஜம்ப்'பில் வந்தது. 276 அத்தியாயங்கள், 31 தொகுதிகள். 1995-ன் தொடக்கத்தில் அந்தப் பத்திரிகை ஓர் இதழுக்கு 65 லட்சம் பிரதிகளுக்கு மேல் அச்சிட்டது. நாளெல்லாம் எண்களோடு மாரடிக்கிற குமாஸ்தா நான். பெரிய எண் என்னை மயக்குவதில்லை. சின்ன எண்ணில் மயங்கிக் கிடக்கும் நம்மவர்களை என்ன சொல்வது? முந்நூறு பிரதி என்றால் கலை, லட்சம் தாண்டினால் குப்பை என்பது விமர்சனம் அல்ல. பேரேட்டைத் தலைகீழாகப் பிடித்துப் படிப்பது.

இதில் குப்பையே இல்லை என்று நான் வாதாடவில்லை. முதல் சில தொகுதிகளின் அடிதடியும் அசட்டுத் தமாஷும் அலுப்பூட்டுபவை. ஐம்பது பெண்கள் நிராகரித்த சிவப்புத் தலை முரடன் ஸகுராகி, இன்னொரு பெண்ணைக் கவர்வதற்காக ஷோஹோகு பள்ளியின் கூடைப்பந்து அணியில் சேர்கிறான். அந்தப் பகுதிக்கு இவ்வளவு போதும்.

ஆரம்ப ஆட்டங்களில் ஒவ்வொரு அசைவுக்கும் பார்வையாளர் வரிசையிலிருந்து யாராவது உரை சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். இவன் ஏன் குதித்தான், அவன் எவ்வளவு பெரிய ஆள், பந்து ஏன் அங்கே போயிற்று. விளையாட்டு மாங்காவின் பரம்பரை வியாதி, இனோவேயையும் விடவில்லை. ஆனால் நடப்புச் சாம்பியனான ஸன்னோவுக்கு எதிரான ஆட்டத்தின் இறுதி நொடிகளில் எல்லா வாயும் அடைத்துப்போகிறது. ஸகுராகி தனக்குள் முணுமுணுக்கும் ஒரு வரியைத் தவிர, பக்கம் பக்கமாகப் பேச்சில்லை, ஒலிக்குறிப்புகூட இல்லை. உடம்பு, கோடு, வெள்ளை வெளி. தலைப்பில் உள்ள 'டங்க்' வெற்றியைக் கொண்டுவரவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். இருபதாயிரம் முறை எறிந்து பழகிய ஒரு சாதாரண எறிதான் கொண்டுவருகிறது. பிறகு, ஒருவரையொருவர் கண்டாலே ஆகாத ஸகுராகியும் ருகாவாவும் உள்ளங்கைகளை ஓங்கி மோதிக்கொள்வது இரண்டு பக்கங்களை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அங்கே ஒரு சொல் எழுதியிருந்தாலும் பக்கம் சரிந்திருக்கும். நம் நாவலாசிரியர்களில் பலர் இன்னும் பார்வையாளர் வரிசையை விட்டு இறங்கவில்லை. பாத்திரம் அழுதால் ஏன் அழுகிறாள் என்று பக்கத்திலேயே நின்று சொல்கிறார்கள். மௌனம் என்ற சொல்லை மட்டும் பக்கத்துக்கு நாலு முறை எழுதுவார்கள்.

ஆனாலும் என் உண்மையான சண்டை ரசிகர்களோடுதான். 79-78 என்று ஸன்னோவை வென்ற ஷோஹோகு, அடுத்த ஆட்டத்திலேயே படுதோல்வி அடைகிறது. அந்த ஆட்டத்தை இனோவே வரையவே இல்லை. போகிறபோக்கில் சொல்லித் தாண்டிவிடுகிறார். இது துரோகமாம். கோப்பை எங்கே என்று கேட்கிறார்கள். கடைசி அத்தியாயத்தில் 'முதல் பாகம் முற்றிற்று' என்று பத்திரிகையில் போட்டதைப் புரோநோட்டு மாதிரி மடியில் முடிந்து வைத்திருக்கிறார்கள். எல்லைக்கோட்டைத் தாண்டும் பந்துக்காகப் பாய்ந்து ஸகுராகி முதுகில் அடிபடுகிறான். ஆட வந்து நாலு மாதமே ஆன பையன். இன்றோடு ஆட்டமே தீரலாம் என்று தெரிந்துதான் திரும்ப உள்ளே போகிறான். அதன் பிறகு கோப்பையும் கிடைத்துவிட்டால் அது செலவாக இராது, முதலீடாகிவிடும். இனோவே வட்டி தர மறுத்தார். தொடர் உச்சத்தில் இருக்கும்போதே, நோயாளியான ஸகுராகியைக் கடற்கரையில் உட்காரவைத்து முடித்தார்.

தொலைக்காட்சிக்காரர்கள் 1993 முதல் 1996 வரை 101 பகுதிகளுக்கு இழுத்தும் ஸன்னோ ஆட்டத்துக்கு வந்து சேரவில்லை. 2022-ல் இனோவேயே எழுதி இயக்கிய படத்தில்தான் அது வந்தது. அங்கேயும் நடுவில் ஸகுராகி இல்லை. அண்ணனைக் கடலில் பறிகொடுத்த ஓகினாவாப் பையனாக மியாகி இருக்கிறான். அதற்கும் சிலர் முகம் சுளித்தார்கள்.

பத்துக் கோடிப் பிரதிகள் விற்றதற்கு நன்றியாக இனோவே செய்ததையும் இவர்கள் அறிவார்கள். 2004 டிசம்பரில், கனகாவாவில் மூடப்பட்ட ஒரு பள்ளிக்கூடத்தின் 23 கரும்பலகைகளில், கடைசிக் காட்சிக்குப் பத்து நாள் கழித்து அவரவர் என்ன செய்கிறார்கள் என்று சாக்பீஸால் வரைந்தார். மூன்று நாள் திறந்து வைத்திருந்தார்கள். பிறகு பலகைகளை அழித்தாயிற்று. அதன் பிறகும் இரண்டாம் பாகம் எப்போது என்று கேட்கிறார்கள்.