வேரைப் பார்க்காத வைத்தியம்

"சத்துப் பத்தலடா தம்பி, அதான் மரம் இப்படி நிக்குது" என்றார் பெரியப்பா மகன். ஆயக்குடிப் பக்கம் அவருக்கு ஒன்றரை ஏக்கர் கொய்யா, நாலு வயது மரங்கள். இலையெல்லாம் சிறுத்து, செம்புநிறமேறி, உதிர்ந்துகொண்டிருந்தது. மோட்டார் ரூமில் நுண்ணூட்டக் கலவை இரண்டு மூட்டை கிடந்தது. ஒரே மாதத்தில் இது இரண்டாவது தடவை. போனில் எடுத்த இலைப் படத்தைப் பார்த்துக் கடைக்காரர் கொடுத்தாராம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மண்வெட்டியோடு அந்த மரத்தடிக்கே போனேன். சொட்டுநீர் விழும் இடத்தில் அரை அடி பறித்ததும் சல்லிவேர் கையில் வந்தது. வேரா அது? சுண்டைக்காயைக் கோத்த மாதிரி முண்டு முண்டாக, சில இடத்தில் முண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி இஞ்சிபோல. வேர்முடிச்சு நூற்புழு! அரை மில்லிமீட்டர்கூட இல்லாத குஞ்சு வேர் நுனி வழியே நுழைந்து, உள்ளேயே உட்கார்ந்து, சுற்றியுள்ள செல்களை ஊதவைத்து உறிஞ்சுகிறது. நீரும் சத்தும் மேலே போகும் பாதை சிதைகிறது. மண்ணில் ஈரம் இருக்கும்போதே மத்தியானம் இலை துவள்வது இதனால்தான். தொண்டை அடைத்தவனுக்குச் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தால் தேறுவானா?

இலை மஞ்சளானால் சத்துக்குறை! ஊர் ஊராக இந்த ஒரே பேச்சு. மண்வள அட்டையை நீட்டி, "எல்லாம் டெஸ்ட் பண்ணியாச்சு" என்கிறார்கள். 2015 முதல் கொடுக்கப்படும் அந்த அட்டையில் 12 அளவுகள் இருக்கின்றன. நூற்புழு அதில் இல்லை. அதற்குச் சல்லிவேரோடு வேர்ப்பகுதி மண்ணைத் தோண்டி, காயவிடாமல் பையில் கட்டி, நூற்புழு பார்க்கும் ஆய்வகத்துக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். அதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? உரத்தை விற்பவரே வைத்தியராகவும் இருந்தால் எந்த நோய்க்கும் உரம்தான் மருந்து.

கடலைச் செடியிலும் முடிச்சு இருக்கிறதே, அது நல்லதுதானே என்பார்கள். நகத்தால் சுரண்டிப் பாருங்கள். கடலை முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், உதிர்ந்துவிடும். அண்ணன் தோட்டத்து முண்டு உதிரவில்லை. வேரே வீங்கியிருந்தது, பிய்த்தால் வேரும் சேர்ந்து பிய்ந்தது.

இது நேற்று முளைத்த சங்கதியும் இல்லை. நீலகிரி தேவாலாவில் தேயிலை வேரில் இந்த வகைப் புழுவை பார்பர் என்ற ஆய்வாளர் 1901-லேயே பதிவு செய்தார். 1961-ல் ஊட்டி உருளைக்கிழங்கில் முட்டைக்கூட்டு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பிறகும் மண் களைத்துவிட்டது, உரம் போடு என்றே பேசுகிறோம். இப்போது கொய்யாவைப் பிடித்திருக்கும் மெலாய்டோகைனி என்டரோலோபி, எதிர்ப்புத்திறன் உள்ள தக்காளி ரகங்களையே தாண்டிப் போகிற இனம். பெண் புழு ஒன்று நூற்றுக்கணக்கில் முட்டையிடும், மாதத்துக்குள் அடுத்த தலைமுறை தயார். புழு துளைத்த வேரில் வாடல் பூஞ்சையும் நுழைந்துவிட்டால் மரம் பட்டுப்போகும். அந்த மரத்தடியில் போய் ஊடுபயிராகத் தக்காளியும் கத்தரியும் வைக்கிறார்கள்! இரண்டும் அந்தப் புழுவுக்குப் பிடித்த தீனி. செண்டுமல்லி வைக்கலாம். வேப்பம் பிண்ணாக்கோடு மக்கிய தொழு உரத்தில் பர்பூரியோசில்லியம் பூஞ்சையைப் பெருக்கி வேரடியில் இடலாம், முட்டைகளை அது தின்னும். ஆனால் முற்றிய மரத்தில் புழுவைக் குறைக்கத்தான் முடியும், ஒழிக்க முடியாது. தடுக்க வேண்டிய இடம் நாற்றுப்பண்ணை. அங்கே இலை பளபளவென்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குகிறோம், பையைக் கிழித்து வேரைப் பார்க்க ஒருவர்கூடக் கேட்பதில்லை. பண்ணைக்காரரும் காட்டுவதில்லை.

அண்ணன் அப்போதும் நம்பவில்லை. "ஒரு மரத்துல இருந்தா எல்லாத்துலயும் இருக்குமா?" என்றார். பக்கத்து வரிசையில் மூன்று மரத்தடியைப் பறித்தோம். இரண்டில் அதே முண்டு. பேசாமல் மோட்டார் ரூமுக்குப் பின்னால் போனார். பட்ட மரங்களுக்குப் பதிலாக நட, வாங்கிய கன்றுகள் நிழலில் அடுக்கியிருந்தன. ஒரு பையை எடுத்து அவரே கத்தியால் கிழித்து, மண்ணை வாளித் தண்ணீரில் அலசினார்.

கன்றின் வேரில் மிளகு மிளகாக முண்டுகள் இருந்தன.