நிறுத்திக் காப்பதோ, ஓட்டிக் காப்பதோ?

பழம்பொருள்களைப் போற்றுதல் நாகரிக மக்களின் கடமை என்பதில் இக்காலத்தார் எவர்க்கும் ஐயமில்லை. ஆயின், போற்றும் முறை யாது என்பதிலேதான் கருத்து வேறுபாடு தோன்றுகின்றது. கல்வெட்டொன்றை மழைக்கும் வெயிலுக்கும் ஒதுக்கி வைத்தால் போதும். அஃது இருந்த இடத்திலிருந்தே தன் பொருளை உரைத்துக்கொண்டிருக்கும். இயங்குவதற்கென்றே பிறந்த ஒரு பொருளையும் அவ்வாறே நிறுத்தி வைத்தல் போற்றுதல் ஆகுமா? நீராவிப் புகைவண்டி யந்திரங்களைக் குறித்து இவ்வினாவை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

1853ஆம் ஆண்டில் பம்பாய்க்கும் தாணாவுக்கும் இடையே பயணிகள் வண்டி ஓடத் தொடங்கியது முதல் நூறாண்டுக்கு மேலாக நம் நாட்டு வண்டிகளைப் பெரும்பாலும் நீராவியே இழுத்தது. சித்தரஞ்சன் தொழிற்சாலை தன் கடைசி நீராவி யந்திரத்தை 1972இல் செய்து முடித்தது. அந்நூற்றாண்டின் இறுதியோடு, மலைப்பாதை முதலிய சில இடங்கள் ஒழிய, நீராவி வண்டி வழக்கொழிந்தது. வேலையிழந்த யந்திரங்களுட் பல பழைய இரும்பாக உடைக்கப்பட்டன. தப்பியவற்றுட் சில ரயில் நிலையங்களின் முகப்பிலும் காட்சிச்சாலைகளிலும் மேடையேறி நிற்கின்றன.

மேடையேறியவை பிழைத்தன என்று மகிழ்தற்கில்லை. கூரையின்றி நிற்கும் யந்திரத்திற்கு மேலே ஆண்டுதோறும் வர்ணம் பூசினும், உள்ளே தங்கும் நீர் இரும்பை அரித்துக்கொண்டே இருக்கும். நம் திருமறையில் தாலந்துகளைப் பெற்ற ஊழியர் மூவரின் உவமை உண்டு. அவருள் ஒருவன் தன் தாலந்தை மண்ணிற் புதைத்துப் பழுதின்றித் திருப்பிக் கொடுத்தான். கொடுத்தும் எசமானனால் கடியப்பட்டான். வழங்கவேண்டிய பொருளை வழங்காது காத்தது அவன் குற்றம். மேடைமேல் நிற்கும் யந்திரமும் அத்தகையதே என்பது எம் கருத்து.

நீராவி யந்திரம் என்பது வெறும் இரும்பு அன்று. நெருப்புப் பெட்டியில் எழும் அனல் பல குழாய்களின் வழியே செல்ல, அவற்றைச் சூழ்ந்த நீர் கொதித்து ஆவியாகின்றது. ஆவி சிலிண்டருட் புகுந்து பிஸ்டனைத் தள்ளச் சக்கரம் சுழல்கின்றது. இத்துணையும் நூல் படித்தே அறியலாம். ஆனால், குளிர்ந்து கிடக்கும் கொதிகலனைத் தகடுகள் வருந்தாவண்ணம் பல மணி நேரம் மெல்ல மெல்லச் சூடேற்றும் பக்குவமும், நெருப்புப் பெட்டியின் மேற்றகட்டை நீர் எப்பொழுதும் மூடியிருக்கும்படி கண்ணாடிக் குழாயை ஓயாது நோக்கும் விழிப்பும், சுத்தியலால் தட்டி எழும் ஓசையைக் கொண்டே உடைந்த ஆணியைக் கண்டறியும் செவிப்பயிற்சியும் நூலால் மட்டும் வருவன அல்ல. அறிந்த ஒருவர் அருகில் நின்று, கண்டும் செய்தும் கற்கவேண்டியவை. யந்திரம் ஓடாது நின்றால் அதனை அறிந்த கைகளும் ஒரு தலைமுறையில் ஓய்ந்துவிடும். அதன்பின் எஞ்சுவது யந்திரத்தின் உருவமேயன்றி யந்திரம் அன்று.

இதற்கு நீலகிரி மலைப்பாதையே தக்க சான்று. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இலும், உதகமண்டலம் வரை 1908இலும் திறக்கப்பட்ட இப்பாதை 46 கிலோமீட்டர் நீளமுடையது. கல்லாற்றிற்கும் குன்னூருக்கும் இடையே ஏறத்தாழ 12 அடிக்கு 1 அடி ஏற்றம். அவ்வேற்றத்தில் வழுக்காதிருக்கத் தண்டவாளங்களின் நடுவே பற்சட்டம் பதித்துள்ளனர். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் இதற்கெனச் செய்த யந்திரங்களுக்குச் சிலிண்டர் நான்கு. இரண்டு சக்கரங்களைச் சுழற்ற, அவற்றினின்று வெளிப்படும் ஆவியே மற்ற இரண்டிலும் புகுந்து பற்சக்கரங்களைச் சுழற்றும். 2005இல் யுனெஸ்கோ இப்பாதையை உலக மரபுச் செல்வங்களுள் சேர்த்தது. பழைய யந்திரங்கள் தளர்ந்தபோது, திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலைத் தொழிற்சாலையில் 2011 முதல் அதே வகையான புதிய நீராவி யந்திரங்களைச் செய்தனர். உலகெங்கும் நீராவி ஒழிந்த காலத்தில் இஃது இயன்றது எவ்வாறு? அவ்வகை யந்திரங்களைப் பிரித்துப் பழுதுபார்த்து வந்த பழக்கம் அங்கு அறுபடாது இருந்தமையால் அன்றோ! பெரம்பூரிலும், 1855இல் இங்கிலாந்தில் செய்யப்பட்டு நெடுங்காலம் காட்சிப்பொருளாய் நின்ற யந்திரம் ஒன்று செப்பஞ்செய்யப்பட்டு 2010இல் மீண்டும் ஓடியது.

இதற்குத் தடை கூறுவார் உளர். "குழாயை மாற்றினீர்; தகட்டை மாற்றினீர்; கொதிகலனையே மாற்றினீர்; இனி இது பழைய யந்திரம் ஆவதெங்ஙனம்?" என்பர். தமிழ் பயில்வார்க்கு இதன் விடை எளிது. ஓலைச்சுவடி சில நூறு ஆண்டுகளுக்குமேல் நிலைப்பது அரிது. பழைய ஏடு சிதையுமுன் புதிய ஏட்டில் எழுதி எழுதியே நம் முன்னோர் நூல்களைக் காத்தனர். உ. வே. சாமிநாதையர் 1887இல் பதிப்பித்த சீவக சிந்தாமணி அதனை இயற்றிய திருத்தக்கதேவரின் கையேட்டிலிருந்து வந்ததன்று. படியெடுத்தோர் பலரின் வழியே வந்தது. ஏடு மாறியது, நூல் மாறவில்லை. தொடாது பூசித்துப் பூட்டிவைத்த ஏடுகளோ செல்லுக்கு இரையாயின.

எனினும் ஒன்றை ஒப்புக்கொள்கின்றோம். ஸ்டீபன்சன் 1829இல் செய்த 'ராக்கெட்' போன்றவற்றில் இரும்பே சரித்திரச் சான்று. உறுப்புகளை மாற்றின் சான்று அழியும். அதனாலன்றோ அதனை ஓட்டாது வைத்து, 1979இல் அதற்கு ஒரு படி செய்து ஓட்டினர்! முதன்மையான ஒன்றிரண்டு நிற்கட்டும். அவற்றின் இனத்தவை ஓடட்டும்.

மற்றொரு தடை பொருட்செலவு. அஃது உண்மையே. 1923இல் பிறந்த 'பிளையிங் ஸ்காட்ஸ்மன்' என்னும் ஆங்கில யந்திரத்தைச் செப்பஞ்செய்ய ஏறத்தாழப் பத்தாண்டும் நாற்பது லட்சம் பவுனுக்கு மேலும் ஆயின. 2016இலேதான் அது மீண்டும் ஓடியது. ஆயின் எல்லாவற்றையும் ஓட்டுமாறு யாம் கேட்கவில்லை. வேல்ஸ் நாட்டில் கைவிடப்படவிருந்த தாலிலின் என்னும் சிறு பாதையை 1951இல் அன்பர் சிலர் ஏற்று, ஊதியம் கருதாது நடத்தத் தொடங்கினர்; இன்றும் அது நடைபெறுகின்றது. அரசாங்கத்தின் பணப்பையைப்போலவே மக்களின் ஆர்வமும் ஒரு முதல் அன்றோ?

ஆதலின் நாம் வேண்டுவன மூன்று. வெளியில் நிற்கும் யந்திரங்களுக்குக் கூரை வேண்டும். நீராவித் தொழில் அறிந்த பெரிய தொழிற்சாலை ஒவ்வொன்றும் ஒரு யந்திரத்தையேனும் ஓடும் நிலையில் வைத்து, அதன்மேல் இளைஞரைப் பழக்கவேண்டும். ஓய்வுபெற்ற டிரைவர்கள், பயர்மேன்கள், பிட்டர்கள் ஆகியோரின் தொழிலறிவை அவர்தம் சொற்களிலேயே எழுதிவைத்தல் வேண்டும். முதலிரண்டும் அதிகாரிகள் கையில் உள்ளன. மூன்றாவதற்கு எவருடைய உத்தரவும் வேண்டுவதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் கேட்கும் பொறுமையும் போதும். பழந்தமிழ்ச் சொற்களை அகராதியில் தேடும் நாம், நம் காலத்துத் தொழிலாளர் நாவில் மறைந்துகொண்டிருக்கும் சொற்களையும் தேடிச் செல்வோமாக. அவற்றை அறிந்தவர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.