முத்திரையைப் பார்க்கிறோம், வேலையைப் பார்ப்பதில்லை

யீசிங் டீபாட் ஒன்றைக் கையில் எடுத்தவுடன் நம்ம ஆட்கள் செய்யும் முதல் காரியம், கவிழ்த்து அடியில் முத்திரை தேடுவது. அப்புறம் மூடியைத் தட்டி ஓசை கேட்பது. கடைசியாக, மூடியின் துளையை விரலால் அடைத்துத் தண்ணீர் நிற்கிறதா என்று பார்ப்பது. மூன்றும் முடிந்தால் ‘ஒரிஜினல்’ என்று தீர்ப்பு. செங்காங் வீடுகளில் இதை எத்தனையோ தடவை கேட்டாச்சு. இதற்குப் பெயர் ரசனை இல்லை, சோம்பேறித்தனம்.

துளையை அடைத்தால் உள்ளே காற்று போகாது, தண்ணீர் நின்றுவிடும். மூடி கச்சிதமாகப் பொருந்துகிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். ஓசை, சூளையில் எவ்வளவு வெந்தது என்று ஓரளவு சொல்லும், விரிசலைக் காட்டிக்கொடுக்கும். கேம்பல் லேனில் பொங்கல் பானையைத் தட்டிப் பார்க்கும் அம்மாக்களுக்கு இது தெரியும். அவர்கள் பானையிடம் வம்சாவளி கேட்பதில்லை.

சரி, சுவர் மெல்லிசாக இருக்கிறதே? பிளாஸ்டர் அச்சில் களிமண் கூழை ஊற்றிச் சீக்கிரம் வடித்துவிட்டால் எவ்வளவு மெல்லிசாகவும் வரும். கைவேலையில் மண்ணை அடித்துத் தகடாக்கி, வளைத்து ஒட்டி, வெளியிலிருந்து தட்டித்தட்டி வயிறு கொண்டுவரணும். அங்கே ஒவ்வொரு மில்லிமீட்டரும் ஆபத்து. வித்தியாசம் தெரியணும்னா உள்ளே பாருங்கள். பிடியையும் சேர்த்தே வார்த்திருந்தால், அது சேரும் இடத்தில் உள்பக்கம் சின்னதாக ஒரு குழி இருக்கும். அங்கே யார் பார்க்கிறார்கள்?

முத்திரை இன்னும் மோசம். 17ஆம் நூற்றாண்டின் ஹுய் மெங்சென் பெயரை, அவர் போன பிறகும் பல தலைமுறைகள் சின்ன டீபாட்களில் குத்தித் தள்ளியிருக்கின்றன. கு ஜிங்ஜோ (1915–1996) 1930களில் ஷாங்ஹாயில் பழைய ஆசான்களின் வேலையை நகல் செய்தவர். இன்று அவர் பெயரிலேயே போலிகள் வருகின்றன. அதற்காக அவர் அன்று செய்த நகல்கள் மட்டமான வேலை என்று சொல்வோமா? போலி என்பது விற்பவர் சொல்லும் கதையில் இருக்கிறது. வேலை மண்ணில் இருக்கிறது. இரண்டையும் தனித்தனியாகத்தான் விசாரிக்கணும்.

நாம் கதை படிப்பதும் இப்படித்தான். தேக்கா, வாய்ட் டெக், எம்ஆர்டி மூன்றும் இருந்தால் ‘சிங்கப்பூர் மண்வாசனை’ முத்திரை கிடைத்துவிடும். வாக்கியம் எங்கே தடித்திருக்கிறது, பாத்திரம் கதையோடு ஒட்டியிருக்கிறதா என்று விமர்சனத்தில் ஒரு வரி இருக்காது. இந்த ஊர்ப் பெயர் வராத நல்ல கதையை ‘நம்ம கதை இல்லை’ என்று ஒதுக்கவும் செய்கிறோம். இதில் நஷ்டம் எழுதுகிறவருக்கு மட்டும் இல்லை.

டீபாட்டை நிமிர்த்தி வைத்துத் தேநீர் போடுங்கள். மூக்கில் சொட்டுதா, பிடி சுடுதா, மெல்லிய சுவர் அந்த ஊலாங்கின் வாசத்துக்கு ஒத்துவருதா என்று பாருங்கள். முத்திரையை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.