அந்திச் சூரியனும் கழிவுநீர்க் குழாயும்

கடற்கரையின் எழிலைக் கொண்டாடுவதற்கெனப் புகைப்படப் போட்டிகள் நடத்துவது நம் காலத்து வழக்கங்களுள் ஒன்றாகிவிட்டது. ஜூன் 8ஆம் நாளை உலக சமுத்திர தினமாக ஐக்கிய நாடுகள் சபை 2009 முதல் கொண்டாடி வருகிறது. அத்தினத்தையொட்டிப் புகைப்படப் போட்டியும் நடத்தி வந்திருக்கிறது. உலக அரங்கிலே நடப்பதை ஊர்ச் சங்கங்களும் பாடசாலைகளும் வணிக நிறுவனங்களும் தத்தம் அளவில் செய்ய முற்படுகின்றன. மாணவர் கையடக்கத் தொலைபேசியும் கமராவுமாகக் கரைக்கு விரைகின்றனர். அந்திச் சூரியன் அகப்படுகிறது. அலை அகப்படுகிறது. தூரத்தே ஒரு தோணி, கரிய நிழலாக, அகப்படுகிறது. பரிசு வழங்கப்படுகிறது, கரகோஷம் எழுகிறது, கூட்டம் கலைகிறது. கடல் மட்டும் முன்போலவே கிடக்கிறது.

இதிலே குற்றங்காண என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கலாம். இளைஞர் நாலு சுவருக்குள் அடைந்து கிடவாமல் கடலைப் பார்க்கிறார்களே, அது நல்லதல்லவா என்றும் கேட்கலாம். நல்லதுதான். போட்டியை நாம் எதிர்க்கவில்லை. 'எழில்' என்ற ஒரு சொல்லை விதியாக எழுதி வைத்துவிட்டு, அந்த விதியின் பெயரால் மனிதரையும் அவர்தம் உழைப்பையும் அவர்க்கிழைக்கப்பட்ட தீங்கையும் படச் சட்டத்துக்கு வெளியே தள்ளும் போக்கையே எதிர்க்கிறோம்.

கொழும்பின் கடலை எடுத்துக்கொள்வோம். தெற்கே வெள்ளவத்தை, வடக்கே கொட்டாஞ்சேனையும் அதனையடுத்த முகத்துவாரமும். தமிழ் பேசும் மக்கள் செறிந்து வாழும் இவ்விரு அந்தங்களுக்கும் ஒரு பொது விதி உண்டு. தலைநகரின் கழிவுநீர் பல தசாப்தங்களாகச் சுத்திகரிக்கப்படாமலே கடலிற் கொட்டப்பட்டது. அதைச் சுமந்து சென்ற இரு பெருங் குழாய்களுள் ஒன்று வெள்ளவத்தையிலும் மற்றையது முகத்துவாரத்திலும் கடலுக்குள் இறங்கின. கறுவாத்தோட்டத்து மாளிகையின் அழுக்கும் கோட்டையின் அலுவலகங்களின் அழுக்கும் இவ்வழியேதான் போயின. இந்த அமைப்பைச் சீர்திருத்தும் திட்டமொன்றுக்கு ஆசிய அபிவிருத்தி வங்கி கடனளிக்க இணங்கியது 2009இலேதான். வெள்ளவத்தைக் கரையில் நின்று அந்திச் சூரியனைப் படம்பிடிக்கும் மாணவன் அந்தக் குழாய் சென்ற திசையை நோக்கியே நிற்கிறான். ஆனால் குழாயைப் பற்றி அவனுக்கு யாரும் சொல்வதில்லை. போட்டி விதியிலும் அதற்கு இடமில்லை.

கொட்டாஞ்சேனையின் கதை இன்னொரு வகையானது. அங்கே கடல் மக்களின் கண்ணுக்கே எட்டாது. 1875இல் வேல்ஸ் இளவரசர் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டிய நாள் தொட்டுத் துறைமுகம் வளர்ந்தது, கரை சுருங்கியது. கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குக் கடலோடிகள் நேர்த்தி வைத்து வந்த வழியிலே இன்று மதிலும் பாரவூர்தியும் நிற்கின்றன. காலிமுகத்திடலுக்கு அப்பால், 2014இல் தொடங்கிய துறைமுக நகரத் திட்டம் 269 ஹெக்டயர் நிலத்தைக் கடலிலிருந்து எழுப்பியது. அதற்கான மணல் கடலடியிலிருந்து அள்ளப்பட்டது. மீன் பெருகும் இடங்கள் அழிகின்றன, கரை அரிக்கப்படுகிறது என்று நீர்கொழும்புக் கரை மீனவர் 2016இல் போராடினர். அம்மீனவரிடையே சிங்களம் பேசுவோரும் உளர், தமிழ் பேசுவோரும் உளர். கடல் அள்ளப்படும்போது மொழி பார்த்து அள்ளப்படுவதில்லை.

பின்னர் 2021 வந்தது. மே 20ஆம் நாள் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த 'எக்ஸ்-பிரஸ் பேர்ள்' என்னும் கொள்கலன் கப்பல் தீப்பற்றியது. அதில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. 25 தொன் நைத்திரிக் அமிலம் இருந்தது. ஏறக்குறைய 1,680 தொன் பிளாஸ்திக் மணிகள் இருந்தன. அமிலம் கசிவது முன்னரே தெரிந்திருந்தும், இடையிலே தொட்ட துறைமுகங்கள் அந்தக் கொள்கலனை இறக்க இடந்தரவில்லை. ஜூன் மாதத் தொடக்கத்தில் கப்பல் மூழ்கியது. மேற்குக் கரையெங்கும் பிளாஸ்திக் மணிகள் முழந்தாளளவு குவிந்தன. கடலாமைகள் செத்து ஒதுங்கின. மீன்பிடி தடை செய்யப்பட்டது. மீன் வாங்கவும் மக்கள் அஞ்சினர். நான்கு ஆண்டுகள் கடந்து, 2025 ஜூலையிலே, நூறு கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்துமாறு கப்பல் தரப்பினருக்கு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தீர்ப்பு எழுதப்படுவது ஒன்று. அந்தப் பணம் வலை காய்ந்து கிடந்த வீட்டின் அடுப்படிக்கு வந்து சேர்வது வேறொன்று.

இப்போது நாம் கேட்கிறோம். வெள்ளைப் பாதுகாப்பு அங்கி அணிந்தோர் மணலைச் சல்லடையிட்டுச் சலித்த படமும், வாயில் பிளாஸ்திக் மணி சிக்கிய மீனின் படமும் எந்தக் 'கடற்கரை எழில்' போட்டியிலே பரிசு பெறும்? பெறாது. ஆயினும் அவையே அந்த ஆண்டின் கடற்கரைப் படங்கள். உலகம் நம் கடலைப் பற்றி அறிந்தது அந்திச் சூரியனைக் கண்டன்று; அப்படங்களைக் கண்டே.

எழிலை மட்டும் கேட்கும் பார்வை நேற்று முளைத்ததன்று. அதற்கொரு வமிசாவளி உண்டு. 1890இல் கொழும்பிலே தொடங்கப்பட்ட பிளேட் நிறுவனம் இலங்கைக் காட்சிகளை அஞ்சலட்டைகளாக அச்சிட்டுக் கப்பற் பயணிகளுக்கு விற்றது. தென்னை, தோணி, தங்க மணல். அந்நியத் துரைக்கு வேண்டியிருந்தது அவ்வளவே. தோணியோட்டியின் கூலி என்ன, அவன் வலை யாருடைய கடனில் நெய்யப்பட்டது என்ற கேள்விகளுக்கு அஞ்சலட்டையில் இடமில்லை. துரை போய்விட்டார், அவருடைய கண் மட்டும் இங்கே தங்கிவிட்டது. தெற்கே வெலிகம, கொக்கல பகுதிகளிலே கடலில் கம்பம் நாட்டி அதன்மேல் அமர்ந்து தூண்டிலிடும் மீனவரை அமெரிக்கப் புகைப்படக்காரர் ஸ்டீவ் மக்கரி 1995இல் எடுத்த படம் உலகெங்கும் பரவியது. இன்று அந்தக் கம்பங்களிலே பெரும்பாலும் மீனுக்காக யாரும் அமர்வதில்லை. உல்லாசப் பயணியின் கமராவுக்காக அமர்ந்து காசு பெறுகிறார்கள். தொழில் அழிந்தது; தொழிலின் தோற்றம் விலைக்குப் போகிறது. அவர்களை நாம் பழிக்கவில்லை. தூண்டில் தராத சோற்றைக் கமரா தருமானால் அதற்கு முன்னே அமர்வது அவர்தம் உரிமை. பழிக்கு உரியது, படத்தை நேசித்து மனிதனைக் கைவிட்ட பார்வையே.

இந்தப் பார்வை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வெள்ளவத்தையிலேயே ஓர் உதாரணம் உண்டு. அதைச் சொல்வது எமக்கு எளிதன்று. எனினும் சொல்லியாக வேண்டும். பாப்லோ நெருடா, நாம் போற்றும் மக்கள் கவிஞர், 1929ஆம் ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் சிலி நாட்டின் கொன்சலாகக் கொழும்பில் இருந்தார். வெள்ளவத்தைக் கடலோரத்திலே வாழ்ந்தார். அந்தக் கரையின் அழகில் தோய்ந்தார். அவர் வீட்டு மலக்கூடத்து வாளியை நாள்தோறும் வந்து சுமந்து சென்றவர் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த ஒரு தமிழ்ப் பெண். அவர் மறைவுக்குப்பின் 1974இல் வெளிவந்த நினைவுக் குறிப்புகளிலே, அப்பெண்ணைச் சிலையென வியந்ததையும், ஒருநாட் காலை அவருடைய விருப்பமின்றி அவரைப் பலவந்தப்படுத்தியதையும் நெருடாவே எழுதியிருக்கிறார். அப்பெண்ணின் பெயர் அந்நூலில் இல்லை. எமது முகாமைச் சேர்ந்தவர் என்பதற்காக இதை மறைப்பது நேர்மையாகாது. அலையைக் கண்ட அதே கண் அப்பெண்ணையும் ஒரு காட்சியாகவே கண்டது. மகாகவியின் கண்ணுக்கே இந்த நோய் உண்டெனில், பரிசுக்காகப் படமெடுக்கும் கண்ணுக்கு இல்லையென்று யார் உறுதி கூற முடியும்?

தமிழருக்கு இதைப் பிறர் கற்பிக்கத் தேவையில்லை. நெய்தல் என்ற திணையை வகுத்தவர் கடலையும் மணலையும் மட்டும் வைத்து அதை முடித்துவிடவில்லை. பரதவரும், மீன் பிடித்தலும், உப்பு விளைத்தலும் நெய்தலின் கருப்பொருளாயின. உழைப்பும் உழைப்பாளியும் இன்றி நிலம் இல்லை என்பது நம் பொருளிலக்கணத்தின் அடிப்படை. ஆளற்ற கரையை 'நமது கடற்சூழல்' என்று கொண்டாடுவோர், புதுமை செய்வதாக எண்ணிக்கொண்டு, ஈராயிரம் ஆண்டுப் பழைய அறிவையும் இழந்து நிற்கின்றனர். 1960களின் தொடக்கத்தில் ஈழத்துப் பண்டிதர் சிலர் மக்கள் பேச்சை 'இழிசனர் வழக்கு' என்று இலக்கியத்திலிருந்து விலக்க முயன்றதை நம் வாசகர் அறிவர். அந்த மரபுப் போராட்டத்திலே மக்கள் பேச்சு வென்றது. மக்கள் முகம் இன்னும் வெல்லவில்லை. சேரியையும் சாக்கடையையும் 'அழகற்றவை' என்று தள்ளும் நடுவர், பண்டிதரின் பேரப்பிள்ளை.

எதிர்வாதங்கள் இரண்டு எழும். இரண்டுமே புறக்கணிக்கத் தக்கவையல்ல.

முதலாவது: உழைக்கும் மக்களுக்கு அழகு வேண்டாமா? வேண்டும். பகலெல்லாம் கடையிலே நின்ற பெண் மாலையில் வெள்ளவத்தைக் கரைக்கு வந்து பாறையில் அமர்ந்து காற்று வாங்குவது அவளுக்குரிய சொத்து. அழகைப் பகைக்கும் முற்போக்கு வரட்டு முற்போக்கு. ஆனால் அந்த அழகு யாருக்கு உரியது என்ற கேள்வியை எழில் வழிபாடு எழுப்புவதில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப்பின், கரையிலிருந்து 100 மீற்றருக்குள், வடக்கு கிழக்கில் 200 மீற்றருக்குள், வீடு கட்டலாகாது என்று அரசு விதித்தது. மீனவன் விலகி நிற்க வேண்டியிருந்தபோது உல்லாச விடுதிகளுக்குச் சலுகை கிடைத்தது. விதி பின்னர் தளர்த்தப்பட்டதெனினும் பாடம் மறையவில்லை. அழகிய கரை என்று பெயர் வாங்கிய இடத்திலிருந்து முதலில் வெளியேற்றப்படுபவன் அங்கே வாழ்ந்தவனே.

இரண்டாவது: வறுமையைப் படமெடுப்பதும் ஒரு வியாபாரம் அல்லவா? ஆம், பல வேளைகளில் அப்படித்தான். அழுகிற குழந்தையின் முகத்தை அனுமதியின்றி எடுத்துப் பரிசு வாங்குவது அந்திச் சூரியனை எடுப்பதிலும் கீழானது. ஆகவேதான் 'அழகை விட்டு அவலத்தை எடுங்கள்' என்று நாம் கூறவில்லை. படமெடுக்கப்படுபவர் பெயருடைய மனிதராக, தம் வாயால் தம் செய்தியைச் சொல்பவராக, படத்திலே நிற்க வேண்டும் என்கிறோம்.

கமராவால் என்ன ஆகும் என்று சோர்ந்து பேசுவோருக்கு ஒன்று கூறுவோம். இக்கடல் 1958இலும் 1983இலும் தலைநகரத்துத் தமிழரைக் கப்பலேற்றி வடக்கே கொண்டு சென்ற கடல். 1983 ஜூலையிலே பொரளையில் நிர்வாணமாக்கப்பட்டுக் குந்தியிருந்த தமிழ் இளைஞனையும் சூழ்ந்து நின்று களித்தோரையும் காட்டும் படத்தை எடுத்தவர் கொம்யூனிஸ்ட் கட்சிப் பத்திரிகையான 'அத்த'வின் புகைப்படக்காரர் சந்திரகுப்த அமரசிங்க. அவர் சிங்களவர். அன்று பொரளையில் நடந்ததை இல்லையென்று சொல்ல முடியாமற் செய்தது அந்த ஒரு படம். சாட்சி சொல்வது கமராவின் தலையாய தொழில். அந்தத் தொழிலை மாணவருக்குக் கற்பிக்காத போட்டி அவர்களுக்கு விளையாட்டுப் பொருளை மட்டுமே கொடுக்கிறது.

ஆசிரியத் தோழர்களுக்கும் மாணவர்களுக்கும் எமது கோரிக்கைகள் இவை. போட்டி நடக்கட்டும், விதிகள் மாறட்டும். ஒவ்வொரு படத்துக்கும் இடமும் நாளும் எழுதப்பட வேண்டும். படத்திலுள்ளவரின் சம்மதமும், அவர் விரும்பினால் அவர் பெயரும், அவர் கூறிய ஒரு வார்த்தையும் உடன் வர வேண்டும். நடுவர் குழுவிலே முகத்துவாரத்துக் கடற்றொழிலாளர் ஒருவரும், மாநகரசபையின் துப்புரவுத் தொழிலாளர் ஒருவரும் அமர வேண்டும். கரையைக் கெடுக்கும் நிறுவனத்தின் பணத்தில் கரையைக் கொண்டாடும் பரிசு வேண்டாம். தேர்ந்த படங்கள் குளிரூட்டிய மண்டபத்திலே மூன்று நாள் தொங்கிவிட்டு மறையாமல், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள பாடசாலைச் சுவர்களிலே, தமிழிலும் சிங்களத்திலும் விளக்கமெழுதி, ஆண்டு முழுதும் நிற்க வேண்டும். ஒரே இடத்தை ஆண்டுதோறும் அதே நாளில் எடுத்து வைத்தால், பத்தாண்டில் கரை எவ்வளவு அரிக்கப்பட்டது என்பதற்கு எந்த அமைச்சும் மறுக்க முடியாத ஆவணம் மாணவர் கையில் இருக்கும்.

சூரியன் எவர் உத்தரவுமின்றி மறையும். அதைப் படமெடுக்க எவர்க்கும் துணிவு தேவையில்லை. குழாய் எங்கே போனது, மணலை யார் அள்ளினார், நட்டஈடு யாரிடம் நின்றுவிட்டது என்று கேட்கும் படத்துக்குத் துணிவு வேண்டும். அந்தத் துணிவுக்குப் பரிசளிக்கும் போட்டியை நம் பாடசாலைகள் நடத்தட்டும். நாமும் பார்வையாளராக அல்ல, பங்காளராக வந்து நிற்போம்.