கஞ்சாச் செய்திக்கு ஓர் ஆசிரியர் தேவையா?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலிருந்து வெளிவரும் ‘டென்வர் போஸ்ட்’ நாளிதழ், 2013-ஆம் ஆண்டு நவம்பரில், அதுவரை இசை விமர்சனம் எழுதிவந்த ரிக்கார்டோ பாகா என்பவரைக் ‘கஞ்சா ஆசிரியர்’ என்னும் பொறுப்பில் அமர்த்தியது. அந்த ஆண்டு முடிவதற்குள் ‘தி கன்னபிஸ்ட்’ என்ற தனி இணையப் பகுதியும் அவர் தலைமையில் தொடங்கப்பட்டது. இந்நிகழ்ச்சி குறித்துப் பேசுவோரில் ஒரு சாரார் நகைக்கிறார்கள்: வேலை நேரத்தில் புகைப்பதற்குச் சம்பளமா? இன்னொரு சாரார் பதைக்கிறார்கள்: நூறாண்டு கடந்த நாளிதழ் ஒன்று போதைக்குக் கொடி பிடிக்கலாமா? பாகாவை விடுதலை வீரராக்கிக் கொண்டாடும் மூன்றாம் சாராரும் உண்டு. இம்மூவருமே பிழையான இடத்தில் நின்று பேசுகிறார்கள் என்பது எங்கள் துணிபு.

முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறோம். கஞ்சா நன்றா தீதா என்னும் பட்டிமன்றத்தை நாங்கள் இங்கே நடத்த வரவில்லை. கொலராடோவில் அந்த வழக்கை வாக்காளர்களே தீர்த்துவிட்டார்கள். 2012 நவம்பர் 6 அன்று நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ 55 விழுக்காட்டினர் ஆதரித்து வாக்களித்ததால் மாநில அரசியலமைப்பில் 64-ஆம் திருத்தம் நிறைவேறியது. 2014 சனவரி 1 முதல் 21 வயது நிரம்பிய எவரும் கடைக்குச் சென்று கஞ்சா வாங்கலாம் என்றாயிற்று. ஆக, கடையைத் திறந்தவர் வாக்காளர், செய்தித்தாள் அன்று. கடை திறந்தபின் உள்ளே விற்கப்படுவது என்ன என்று கேட்க ஓர் ஆள் வேண்டுமா, வேண்டாமா? இதுவே கேள்வி. இதற்கு நகைப்பும் விடையாகாது, பதைப்பும் விடையாகாது.

பதைப்பவர்களிடம் ஒரு வரலாற்றை நினைவூட்ட விரும்புகிறோம். பாகாவுக்கு முன்பு அமெரிக்க நாளிதழ்கள் கஞ்சாவைப் பற்றி எழுதாமல் கண்ணியம் காத்தன என்று இவர்கள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். எழுதாமலா இருந்தார்கள்? 1930-களில் எழுதித் தள்ளினார்கள். கஞ்சா புகைத்தவன் கோடரி எடுத்தான், குடும்பத்தையே வெட்டினான் என்ற கதைகள் ஊருக்கு ஊர் அச்சேறின. போதைப்பொருள் துறையின் தலைவராயிருந்த ஹாரி ஆன்ஸ்லிங்கர் 1937-இல் தாமே பத்திரிகைக் கட்டுரை எழுதி அக்கதைகளைப் பரப்பினார். அவ்வாண்டு கஞ்சா வரிச் சட்ட முன்வரைவு நாடாளுமன்றக் குழுவின்முன் வந்தபோது, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சார்பில் வாதாடிய வில்லியம் உட்வர்டு என்ற மருத்துவர் எழுப்பிய ஆட்சேபம் இன்றும் படிக்கத் தக்கது. குற்றங்கள் பெருகுகின்றன என்பதற்குச் செய்தித்தாள் கதைகளையே ஆதாரமாகக் காட்டுகிறீர்கள். சிறைத் துறையிலிருந்து ஒரு சாட்சியையேனும் ஏன் அழைக்கவில்லை என்று அவர் கேட்டார். ‘மரிஹுவானா’ என்று புதுப்பெயரிட்டு அழைக்கப்படுவது தங்கள் மருந்துநூலில் இருக்கும் இந்தியச் சணல்தான் என்பதே மருத்துவர்களுக்கு மிகத் தாமதமாகத்தான் தெரிந்தது என்றார். குழுவினர் அவரை மரியாதையாக நடத்தவில்லை. 1937 ஆகஸ்டில் சட்டம் நிறைவேறியது. 1942-இல் அந்த மருந்துநூலிலிருந்தும் கஞ்சா நீக்கப்பட்டது.

சொல்லின்மீது அக்கறை கொண்டவர்கள் இவ்விடத்தில் சற்றே நிற்க வேண்டும். பெயரை மாற்றினால் பொருளே மாறிவிட்டதுபோல் தோன்றச் செய்யலாம். மருந்துப் புட்டியில் இருந்ததைப் பூதமாக்கலாம். அதைச் செய்தவை பொது ஊடகங்களே. ஆகவே ‘பொது ஊடகத்துக்குள் கஞ்சாவைக் கொண்டுவந்தவர் பாகா’ என்பதே பாதிதான் உண்மை. கஞ்சா அங்கே முன்பே இருந்தது, பூதக் கதையாக. பாகாவின் குழு அதை எடைபோட்டு அளந்து பார்க்கத்தக்க சரக்காக மாற்றியது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவே இதழியல்.

சான்று காட்டுகிறோம். 2014 மார்ச்சில் டென்வர் போஸ்ட், கடைகளில் விற்ற கஞ்சாத் தின்பண்டங்களை வாங்கி ஆய்வகத்துக்கு அனுப்பியது. போதை தரும் டி.ஹெச்.சி. என்னும் வேதிப்பொருள் 100 மில்லிகிராம் இருப்பதாக உறையில் அச்சிட்டிருந்த பண்டமொன்றில் 1 மில்லிகிராம்கூட இல்லை. வேறு சிலவற்றிலோ அச்சிட்டதைவிட மிகுதியாக இருந்தது. இதை ஏமாற்று வணிகம் என்று சிரித்துவிட்டுப் போக முடியாது. அதே மார்ச் மாதத்தில், அம்மாநிலத்துக்கு வந்திருந்த 19 வயது மாணவர் ஒருவர் கஞ்சா கலந்த பிஸ்கட் ஒன்றில் ஒரு துண்டு தின்றார். அரைமணி, ஒருமணி நேரமாகியும் ஒன்றும் தெரியவில்லை. மீதி முழுவதையும் தின்றார். சில மணி நேரத்தில் நான்காம் மாடியிலிருந்து குதித்து உயிரிழந்தார். அந்தப் பிஸ்கட்டில் ஆறு பேருக்கான அளவு டி.ஹெச்.சி. இருந்தது. புகைத்தால் சில நிமிடங்களில் ஏறுவது, தின்றால் ஏற ஒருமணி, இரண்டுமணி நேரம்கூட ஆகலாம். இந்த ஒரு வரி எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தது? இதை அச்சிடுவது போதைக்கு விளம்பரம் என்றால், மருந்துச் சீட்டில் ‘உணவுக்குப் பின்’ என்று எழுதுவதும் விளம்பரம்தான்.

பூச்சிக்கொல்லி விவகாரத்தையும் பாருங்கள். நடுவண் அரசின் சட்டப்படி கஞ்சா இன்னும் குற்றம்; ஆகவே அச்செடிக்கென்று எந்தப் பூச்சிக்கொல்லியையும் நடுவண் சுற்றுச்சூழல் முகமை ஆய்ந்து அனுமதித்திருக்கவில்லை. பயிரிட்டவர்கள் கைக்குக் கிடைத்ததைத் தெளித்தார்கள். அவற்றுள் மைக்ளோபியூட்டனில் என்ற பூஞ்சைக்கொல்லி, சூடேறும்போது ஹைட்ரஜன் சயனைடு என்னும் நச்சுவாயுவை வெளிவிடக் கூடியது. திராட்சையில் தெளித்ததைக் கழுவித் தின்னலாம். கஞ்சாவைக் கொளுத்தி அல்லவா இழுக்கிறார்கள்! 2015-இல் டென்வர் நகர நிர்வாகம் ஆயிரக்கணக்கான செடிகளை முடக்கி வைத்தது. நாளிதழும் தன் செலவில் சோதனை செய்து வெளியிட்டது. அவ்வாண்டு நவம்பரில் ஆளுநர், நஞ்சு தெளித்த கஞ்சாவைப் பொதுமக்கள் பாதுகாப்புக்கு அச்சுறுத்தல் என்று அறிவித்து ஆணையிட்டார். தனி ஆசிரியரும் தனிக் குழுவும் இல்லாமல், நீதிமன்றச் செய்தியாளரோ அரசியல் செய்தியாளரோ ஓய்ந்த நேரத்தில் எழுதியிருக்கக் கூடிய செய்திகளா இவை?

இனிக் கொண்டாடுவோருக்கு வருகிறோம். கன்னபிஸ்ட் பக்கங்களில் இருந்தவை சோதனை முடிவுகள் மட்டுமல்ல. கஞ்சா வகைகளைச் சுவைத்து நறுமணம் பாராட்டும் விமர்சனங்கள் இருந்தன. சமையல் குறிப்புகள் இருந்தன. 2014-இல் நடிகை வூப்பி கோல்ட்பெர்க் தாம் பயன்படுத்தும் புகைக்கருவியின் அருமையை எழுதிய பத்தி இருந்தது. ஒயினுக்கு விமர்சகர் இருக்கும்போது கஞ்சாவுக்கு இருக்கக் கூடாதா என்று கேட்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் ஒயின் பத்தியும் இதழியலின் பெருமைமிகு மூலை என்று எவரும் சொன்னதில்லையே! விளம்பரதாரரின் முகம் கோணாமல் எழுதும் பழக்கம் அம்மூலையில்தான் எளிதில் வளரும். ஒரு பொருள் பொதுநீரோட்டத்துக்குள் வருவது என்றால், பாலுக்கும் எண்ணெய்க்கும் கேட்கும் கேள்விகளை அதனிடமும் கேட்பது என்று பொருள். பாலைப் பற்றிப் பரவசப் பத்தி எழுதுவார் உண்டோ?

2016-ஆம் ஆண்டின் இறுதியில் பாகா நாளிதழைவிட்டு விலகினார்; கஞ்சாத் தொழிலுக்குச் சேவைபுரியும் மக்கள் தொடர்பு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அது அவர் உரிமை. அவரைப் பழிப்பது எங்கள் நோக்கமன்று. ஆனால் அத்தொழிலை உள்ளும் புறமும் அறிந்த செய்தியாளரின் அறிவு, அத்தொழிலின் பக்கமே போய்ச் சேர்ந்தது என்பதைக் காணாமலிருக்க முடியுமா? நாளிதழின் கதை இன்னும் கசப்பானது. அதன் உரிமையாளரான ஆல்டன் குளோபல் கேப்பிட்டல் என்ற முதலீட்டு நிறுவனம் 2018-இல் செய்தியறையில் மேலும் 30 பேரைக் குறைக்க முனைந்தது. அவ்விதழே தன் தலையங்கப் பக்கத்தில் உரிமையாளரைப் பிணந்தின்னிக் கழுகு என்று சாடியது. கன்னபிஸ்ட் குழுவும் அவ்வாண்டிலேயே கலைந்தது. கடைகள் பெருகின, கேள்வி கேட்டவர்கள் குறைந்தார்கள்.

இதுதான் எங்களை உறுத்துகிறது. நகைத்தவர்களும் பதைத்தவர்களும் கொண்டாடியவர்களும் ‘கஞ்சா ஆசிரியர்’ என்ற பட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். உறையில் அச்சிட்ட எண்ணைச் சரிபார்க்கும் நாற்காலி ஒன்று அங்கே இருந்தது என்பதை அவர்களில் எவரும் பொருட்படுத்தவில்லை. அது காலியானபோது வருந்தியவர்களும் சிலரே. பூதக் கதை எழுதப் பணம் வேண்டாம். புகழ்ச்சி எழுத விளம்பரதாரர் பணம் தருவார். அளந்து பார்த்து எழுதுவதற்கு மட்டும் யாரேனும் ஒருவர், பதிலுக்கு ஒன்றும் எதிர்பாராமல், செலவழித்தாக வேண்டும். அந்தச் செலவை ஏற்க வாசகர்கள் முன்வராத ஊரில், 1937-இன் கோடரிக் கதையும் இன்றைய விளம்பரப் பத்தியும் மாறி மாறி ஆட்சி செய்யும்.